தலைசுற்றலைப் படம் பிடித்த லென்ஸ்

கதாநாயகன் மணிக்கூண்டின் மேலேறி ஒரு பெண்ணைத் தடுத்து நிறுத்த வேண்டும். ஆனால் உயரம் என்றால் அவனுக்குத் தலை சுற்றும். ‘வெர்ட்டிகோ’ (1958) படத்தின் இக்காட்சியில் அந்தத் தலைசுற்றலை நமக்கும் ஏற்படுத்த ஹிட்ச்காக் விரும்பினார். எப்படி?

வண்டியில் வைத்த கேமரா ஒரு திசையில் நகரும். ஜூம் லென்ஸ் அதற்கு எதிராக வேலை செய்யும். படத்தின் விளிம்புகள் அசையா. ஆழம் மட்டும் இழுபடும்!

உண்மைப் படிக்கட்டின் உச்சிக்குக் கேமராவை ஏற்ற 50,000 டாலர் ஆகும் என்றார்கள். ஆளே இல்லாத காட்சிக்கு உண்மைப் படிக்கட்டு எதற்கு? சிறிய மாதிரி செய்து, அதைப் பக்கவாட்டில் படுக்க வைத்தார்கள். செலவு 19,000 டாலர். கேமரா தரையோடு தரையாகத்தான் உருண்டது. பார்ப்பவர் வயிறோ கலங்குகிறது.

1975இல் ‘ஜாஸ்’ படத்தில், கடற்கரையில் அமர்ந்திருக்கும் போலீஸ் தலைவரின் திகிலைக் காட்ட ஸ்பீல்பெர்க் இதே உத்தியைக் கையாண்டார்.