புழுங்கலரிசியும் உழைப்பாளர் தசைவலியும்

1786இல் பினாங்குத் தீவில் ஆங்கிலேயர் குடியேற்றம் தோன்றியபின் அங்குச் சென்ற தமிழருள் வணிகரல்லாத பெரும்பாலோர்க்கு உடலே முதலாயிருந்தது. ஜார்ஜ் டவுன் துறைமுகத்தில் மூட்டை சுமந்தோரும், எதிர்க்கரைத் தோட்டங்களில் கரும்பு வெட்டினோரும் தசைவலிமையை விற்றே பிழைத்தனர். அது குன்றின் கூலியும் குன்றும். ஆதலின், உழைத்துக் களைத்தவன் எதனை உண்டான் என்பது வரலாறு புறக்கணிக்கத்தக்க சிறு செய்தியன்று.

தண்டின் ஒருமுனையில் சோறும் மறுமுனையில் குழம்பும் தொங்கத் தோளிற் சுமந்து, தமிழ் முஸ்லிம்கள் அத்துறைமுகத் தொழிலாளர்க்கு உணவு விற்றனர். அதுவே ‘நாசி கண்டார்’. மலாய் மொழியில் ‘நாசி’ என்பது சோறு. ‘கண்டார்’ என்பது தண்டிட்டுச் சுமத்தல். களைத்த உடலுக்குச் சோற்றோடு மீனும் இறைச்சியும் கிடைத்தன.

ஆனால், எல்லாச் சோறும் ஒரு தன்மையதோ? அந்நாளில் மலாயாவை வாட்டிய பெருநோய் பெரிபெரி. கால் மரத்துத் தசை நலியும். சிலர்க்கு உடல் வீங்கி இதயம் சோரும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர் பல்லாயிரவர் இதனால் மாண்டனர். தமிழரையோ இந்நோய் அரிதாகவே தீண்டிற்று. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராட்டன் இவ்வேறுபாட்டை ஆராய்ந்து 1907இல் நூலாக வெளியிட்டார். சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. பச்சரிசியில் நஞ்சு சேர்வதாக அவர் கருதினார்.

இக்கருத்தை ஐயுற்ற மருத்துவர் பிளெட்சர், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் 1905இல் ஒரு சோதனை தொடங்கினார். நோயாளரை வரிசையாக எண்ணி, ஒற்றைப்படை எண்ணினர்க்கு ஒருவகை அரிசியும் இரட்டைப்படை எண்ணினர்க்கு மற்றொருவகை அரிசியும் அளித்தார். பச்சரிசி உண்டோருள் பலர் நோயுற்று 18 பேர் இறந்தனர்; புழுங்கலரிசி உண்டோருள் பெரிபெரியால் ஒருவரும் இறந்திலர். ஐயுற்றவரே உண்மையை நிறுவினார். எனினும், அதன் விலை தம் நிலையை எடுத்துரைக்க இயலாதோரின் உயிர் என்பதும் மறக்கற்பாலதன்று.

பின்னர் பிரேசரும் ஸ்டான்டனும் சாவகத் தொழிலாளரிடையே ஆராய்ந்து, குற்றம் நஞ்சிலன்று, தவிட்டோடு நீங்கும் சத்தின் குறைவிலேயே உள்ளது என 1909 அளவில் தெளிந்தனர். 1926இல் பிரித்தெடுக்கப்பட்ட அச்சத்தே தயமின் என்னும் பி1 வைட்டமின். மாச்சத்தை உடல் ஆற்றலாக மாற்றுதற்கு அது இன்றியமையாதது. மிகுதியாக உழைத்து மிகுதியாகச் சோறுண்பவனுக்கு அதன் தேவையும் மிகும். நெல்லை ஊறவைத்து அவிக்குங்கால், தவிட்டிலுள்ள அச்சத்து அரிசியின் உள்ளே ஊடுருவுகிறது. பின்னர்த் தீட்டினும் முற்றும் நீங்குவதில்லை.

நெல் புழுக்கிய தமிழ்ப் பெண்டிர் வைட்டமினை அறிந்திலர். வழிவழி வந்த வழக்கத்தையே கைக்கொண்டனர். அவ்வழக்கம் கடல் கடந்தும் உழைப்பாளரைக் காத்தது. எனினும், புழுங்கலரிசி மட்டும் தசையை வளர்க்காது. உழைப்பிற்குப்பின் தசையைப் பேணப் பருப்பு, மீன், முட்டை போன்ற புரதமும் வேண்டும். அவ்விரண்டும் ஒருங்கே அமைந்த உணவே உழைப்பவன் தோளுக்கு உறுதுணை.