சரக்கு வண்டியில் ஏறியவர்கள்



நாமக்கல் ரயில் நிலையத்தில் மக்காச்சோளம் ஏற்றிய சரக்கு வண்டிகள் வந்து நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பீகாரில் விளைந்த மக்காச்சோளம் நம் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாக இவ்வாறு வந்து சேருகிறது. அதில் மூட்டைக்குக் கணக்கு உண்டு. வேகனுக்கு எண் உண்டு. கட்டணம் செலுத்திய ரசீது உண்டு. அதே மாநிலத்திலிருந்து நம் பகுதிக்கு வேலை தேடி வருகிற மனிதனோ, பொதுப்பெட்டியில் கழிவறை வாசலில் குந்தியபடி இரண்டு இரவுகளைக் கழித்து வந்து இறங்குகிறான். மனிதனைக் காட்டிலும் சரக்கு மரியாதையாகப் பயணம் செய்கிற இந்த நிலைமைக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. இந்த வாரம் அதை உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

அமெரிக்காவில் 1865-ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர் முடிந்தது. வீடு திரும்பாத போர்வீரர்களும், 1873-ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சியில் வேலை இழந்தவர்களும் ஓடுகிற சரக்கு வண்டிகளில் தொற்றி ஏறி ஊர் ஊராகச் செல்லத் தொடங்கினார்கள். இவர்களுக்கு 'ஹோபோ' என்று பெயர் வந்தது. அவர்கள் தங்களுக்குள் ஒரு வேறுபாட்டைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தார்கள். வேலை தேடி அலைகிறவன் ஹோபோ. வேலை செய்யாமல் அலைகிறவன் 'டிராம்ப்'. அலையவும் மாட்டான், வேலையும் செய்ய மாட்டான் என்றால் அவன் 'பம்'. ஊரார் கண்ணுக்கு மூவரும் ஒன்றே. கோதுமை அறுவடைக்கும், மரம் வெட்டவும், ரயில் பாதை போடவும் இவர்களுடைய கைகள் தேவைப்பட்டன. அறுவடை முடிந்ததும் அதே ஊர்கள் அவர்களை விரட்டின.

இந்த வாழ்க்கையைப் பற்றிப் பெரிய நிறுவனங்களின் துணையின்றிச் சுதந்திரமாக எடுக்கப்பட்ட ஆவணப்படங்கள் பல உண்டு. அவற்றுள் மைக்கேல் யூஸ், லெக்ஸி லவல் ஆகிய இருவர் 1997-இல் உருவாக்கிய 'ரைடிங் த ரெயில்ஸ்' முதன்மையானது என்பது என் எண்ணம். 1930-களின் பெருமந்த காலத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதின்வயதினர் வீடு விட்டுச் சாலையிலும் தண்டவாளத்திலும் வாழ்ந்தார்கள். அவர்களில் சிலரை முதிர்ந்த வயதில் தேடிக் கண்டுபிடித்துப் பேச வைத்த படம் அது. இத்தகைய படங்களுக்கு ஒரு சோதனை எப்போதும் உண்டு: அலைதலைச் சுதந்திரம் என்று பாடிவிடுவது எளிது. இந்தப் படத்தின் முதியவர்களோ தங்கள் பசியையும் தனிமையையும், அந்நியர் வாசலில் கையேந்தி நின்ற வெட்கத்தையும் நினைவுகூர்கிறார்கள். வீட்டில் ஒரு வாய் குறையட்டும் என்று கிளம்பிய பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள்.

பில் டேனியல் என்பவர் 16 ஆண்டுகள் உழைத்து 2005-இல் வெளியிட்ட 'ஹூ இஸ் போஸோ டெக்சினோ' என்னும் கறுப்பு வெள்ளைப் படம் வேறு வகை. சரக்குப் பெட்டிகளின் மேல் சுண்ணக்கட்டியால் வரையப்பட்ட சிறு சித்திரங்களை யார் வரைந்தார்கள் என்று அது தேடிச் செல்கிறது. பெயர் இல்லாதவன் தான் இருந்ததற்கு ஒரு கோட்டையாவது விட்டுச் செல்ல விரும்புகிறான்.

இந்த வரலாற்றில் நம்மைப் போன்றவர்களுக்கு உறுத்தலான ஒரு பகுதி இருக்கிறது. பசித்து வந்த ஹோபோக்களுக்கு நகரங்களில் இருந்த கிறிஸ்தவ மிஷன்கள் சூப்பும் ரொட்டியும் கொடுத்தன. ஆனால் பல இடங்களில் பிரசங்கம் முதலில், சூப் பிறகு. ஹோபோக்கள் சுவர்களில் எழுதியதாகச் சொல்லப்படும் இரகசியக் குறிகளில் சிலுவைக்கு, 'பக்திப் பேச்சைக் கேட்டால் இங்கே சாப்பாடு கிடைக்கும்' என்று பொருளாம். இந்தக் கசப்பைத்தான் தொழிலாளர் பாடகர் ஜோ ஹில் 1911-இல் ஒரு பாட்டாக்கினார். சபைகள் விரும்பிப் பாடிய ஒரு கீதத்தின் மெட்டையே எடுத்து, இன்றைய பசிக்கு நாளைய பரலோகத்தைப் பதிலாகச் சொல்லும் போதகர்களை அவர் கேலி செய்தார். போதகர்கள் வாசித்துப் பார்க்க வேண்டிய பாட்டு அது.

இனி நம் ஊருக்கு வருவோம். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையை நோக்கிய ரயில் பாதை 1861 பிப்ரவரியில் சேலத்தை எட்டியது; அதே ஆண்டு டிசம்பரில் சங்ககிரியை அடைந்தது. பதினைந்து ஆண்டுகள் கழித்து 1876–78 பெரும் பஞ்சம் வந்தபோது அந்தப் பாதையில் தானியம் வந்தது. ஆனால் தானியத்தை வாங்கப் பணம் இல்லாதவர்கள் சாலைகளில் நடந்தார்கள். 1871 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19.7 லட்சமாக இருந்த அன்றைய சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1881-இல் 16 லட்சத்துக்குக் குறைந்தது. செத்தவர்கள் போக, இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களும் அந்தக் குறைவில் அடக்கம்.

நிவாரணம் இல்லாமல் இல்லை. 1877 ஜனவரியில் சர் ரிச்சர்டு டெம்பிள் நிவாரண வேலைக்கான கூலியைக் குறைத்தார். நாள் முழுவதும் உடல் நோக உழைக்கிற ஆணுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியத்தின் விலையும் ஓர் அணாவும். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இது உயிர் தாங்கப் போதாது என்று எதிர்த்து எழுதினார். அமெரிக்காவில் பிரசங்கம் கேட்டால் சூப். இங்கே கல் உடைத்தால் தானியம். பின்னர் எழுதப்பட்ட பஞ்ச விதிகள், மக்கள் இலக்கின்றி அலைவதைப் பஞ்சத்தின் ஓர் அறிகுறியாகக் குறித்துக்கொண்டன. அலைகிறவனைச் சோம்பேறி என்று பார்க்காமல், ஊரில் ஏதோ உடைந்துவிட்டது என்பதன் அடையாளமாகப் பார்த்த அந்த ஒரு வரி, ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொடுத்துப் பெற்ற அறிவு.

நம் சமவெளியிலிருந்து இன்றும் மனிதர் புறப்பட்டுப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு தோண்ட இந்தியா முழுவதும் செல்கின்றன. நாமக்கல் லாரிகள் போகாத மாநிலம் இல்லை. மாதக்கணக்கில் வண்டியின் அடியிலும் மேலும் உறங்குகிற அந்த ஓட்டுநர்களும் உதவியாளர்களும் உங்கள் வீட்டுப் பிள்ளைகள். மொழி தெரியாத ஊரில் யாரோ ஒருவர் அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் தருகிறார்.

2020 மே 8 விடியற்காலையை மறந்துவிடாதீர்கள். ஊரடங்குக்காகப் பயணிகள் ரயில்கள் மார்ச் மாதமே நிறுத்தப்பட்டிருந்தன. சரக்கு வண்டிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. மகாராஷ்டிரத்தின் ஜால்னாவில் இரும்பு ஆலையில் வேலை செய்த மத்தியப் பிரதேசத் தொழிலாளர்கள், ஊருக்குப் போகும் சிறப்பு ரயிலைப் பிடிக்கத் தண்டவாளத்தின் வழியே நடந்தார்கள். களைப்பில், ரயில் ஏதும் வராது என்று எண்ணி ஔரங்காபாத் அருகே தண்டவாளத்திலேயே படுத்துவிட்டார்கள். சரக்கு வண்டி வந்தது. பதினாறு பேர் இறந்தார்கள். அவர்கள் கட்டி எடுத்து வந்த ரொட்டிகள் தண்டவாளத்தில் சிதறிக் கிடந்த படத்தை நாம் எல்லாரும் பார்த்தோம். அதே ஊரடங்கில் காசியாபாத்திலிருந்து பீகாரின் சஹர்சாவுக்குச் சைக்கிளிலேயே போன ஏழு பேரைப் பின்தொடர்ந்து வினோத் காப்ரி எடுத்த '1232 கே.எம்.எஸ்' என்னும் ஆவணப்படம் 2021-இல் வெளிவந்தது. வீட்டில் பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள்.

தன்பாத்–ஆலப்புழா விரைவு வண்டி சேலம் சந்திப்பில் சில நிமிடங்களே நிற்கும். பொதுப்பெட்டி நிற்கும் இடத்துக்குச் சென்று பாருங்கள். தோளில் ஒரு பையும் கையில் ஒரு தண்ணீர்ப் பாட்டிலுமாக இறங்குகிற இளைஞர்களில் யாராவது ஒருவன், நாமக்கல் பேருந்து எங்கே நிற்கும் என்று சைகையில் உங்களைக் கேட்பான்.