மருந்து டப்பாவின் பழைய கதை

விஷத்துக்கு நாம 'மருந்து'ன்னு பேர் வைத்ததிலேயே பாதி வினை ஆரம்பம்.

1958-ல் கேரளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சரக்கு வரும் வழியில் பாரத்தியான் என்ற பூச்சிமருந்து கோதுமை மாவில் கலந்துவிட்டது. மத்திய அரசு விசாரணைக் கமிஷன் வைத்தது. 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. டப்பாவில் நிறம் போடுகிறார்களே, அது அந்தச் சட்டத்தின் வழி வந்ததுதான். சிவப்பு கொடிய விஷம். அப்புறம் மஞ்சள், நீலம், பச்சை. பச்சைன்னா பால் என்று அர்த்தமில்லீங்க.

சட்டம் வந்தும் என்ன? 2013 ஜூலையில் பீகார் சாரண் மாவட்டத்துப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் இருந்தது. பூச்சிமருந்து இருந்த பழைய கேனில் எண்ணெயை வைத்திருந்ததாக அதிகாரிகள் சொன்னார்கள்.

கூலி வேலைக்குப் போகிற தாய்மார்களே, மருந்தடித்த காட்டிலிருந்து வந்ததும் பிள்ளையைத் தூக்காதீங்க. சோப்புப் போட்டுக் கைகால் கழுவி, சேலை மாற்றிய பிறகு தூக்குங்க. அந்தச் சேலையைத் தனியே அலசுங்க. பிள்ளைக்கு உடம்பு சிறுசு. கொஞ்ச விஷமே போதும். கையை வாயில் வைக்கிற பழக்கம் வேறு.

காலி டப்பாவை மூன்று தடவை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றுங்க. பிறகு டப்பாவில் ஓட்டை போட்டுவிடுங்க. ஓட்டை டப்பாவில் யாரும் எண்ணெய் வாங்கி வரமாட்டார்கள்.