பாதைக்கு யார் சாட்சி?

"வாயிருந்தால் வங்காளம் போகலாம்" என்பது நம் முன்னோர் வாக்கு. வழி தெரியாதவன் வாய் திறந்து கேட்டால் போதும். எத்தனை தொலைவாயினும் சென்று சேரலாம் என்பது அதன் கருத்து. இக்காலத்து இளைஞர்களோ வாய் திறப்பதில்லை. கையிலுள்ள கருவியைத் தொட்டுப் பார்த்தே ஊர் ஊராகச் சென்று வருகின்றனர். இவ்விரண்டில் எது நம்பத்தக்கது என்னும் வினா, சென்ற தை மாதம் கல்வராயன் மலையில் என் முன் எழுந்தது. அதற்கு விடை தேடியபோது வரலாற்றில் கண்டவற்றை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கள்ளக்குறிச்சியில் நின்று மேற்கே நோக்கினால், வானத்தின் விளிம்பில் நீல வரப்பு இட்டது போல் தோன்றுவது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி இது. வடபகுதியைச் சின்னக் கல்வராயன் என்றும், தென்பகுதியைப் பெரிய கல்வராயன் என்றும் வழங்குவர். முன்னதன் சராசரி உயரம் ஏறக்குறைய 2,700 அடி. பின்னது 4,000 அடி. கோமுகி ஆறு பிறப்பது இங்கேதான். 2019ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகத் தொடங்கி வைக்கப்பட்டது. மலை மேல் முக்கியமான ஊர் வெள்ளிமலை. அங்கு வாழும் பழங்குடியினரை மலையாளிகள் என்பர். கேரளத்தாருக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்னும் பொருளில் வந்த பெயர் அது. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் தம் முன்னோர் என்பது அவர்களிடையே வழிவழியாக வரும் செய்தி.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இம்மலையில் மரவள்ளிக் கிழங்கும் கடுக்காயும் கொள்முதல் செய்து வருகிறார். அவர் அழைத்ததன் பேரில் ஒரு நாள் அவருடைய ஜீப்பில் உடன் சென்றேன். வண்டியின் முன்பலகையில் ஒரு டேப்லெட்டைப் பொருத்தியிருந்தார். விலை மலிவானது, பிள்ளைகள் பாடம் படிக்க வாங்கியதாம். "மலையில பாதி இடத்துல சிக்னல் கிடைக்காது ஹஜ்ரத். அதனால இந்த மலைக்கான படத்தை ஊரிலேயே இறக்கி வச்சுக்கிட்டேன். நெட் இல்லாமலே வழி காட்டும்" என்றார். ஐம்பதைக் கடந்த என் கண்களுக்குக் கைப்பேசியினும் அகன்ற அத்திரை இதமாகவே இருந்தது. நாங்கள் செல்லச் செல்ல ஒரு நீலப் புள்ளியும் திரையில் எங்களோடு ஊர்ந்து வந்தது.

திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. தார்ச்சாலைக்குக் குறுக்கு வழி ஒன்று படத்தில் கோடாகத் தெரிந்தது. அதில் வண்டியைத் திருப்பினோம். இரண்டு மைல் சென்றதும் பாதை ஓர் ஓடைக்குள் இறங்கிக் காணாமற் போயிற்று. எதிரே ஆளுயரப் பாறைகள். படத்திலோ கோடு தடையின்றி அக்கரைக்குச் சென்றது; நீலப் புள்ளியும் மிகச் சரியாக அக்கோட்டின் மேலேயே நின்றது!

வண்டியின் வெளிச்சம் கண்டு ஒரு பெரியவர் வந்தார். "இந்தத் தடம் ஓடையில அடிச்சுப்போயி நாலு மழைக்காலம் ஆச்சு பாய். இப்ப யாரும் இதுல வர்றதில்ல" என்றார். பிறகு தம் மருமகளின் பிரசவ நாளைப் பற்றிச் சொன்னார். வலி கண்ட பெண்ணை டோலி கட்டி, ஊரார் இப்போது நடக்கும் ஒற்றையடிப் பாதை வழியாகச் சாலைக்குத் தூக்கிச் சென்றார்களாம். அழைத்த வண்டியோ படத்திலுள்ள கோட்டை நம்பி இந்த ஓடைக் கரையில் வந்து நின்றதாம். "நாங்க மலைக்கு அந்தப் பக்கம், வண்டி இந்தப் பக்கம். ரெண்டு மணி நேரம் போச்சு. ரெண்டு உசிரும் பொழைச்சுது, அது கடவுள் புண்ணியம்" என்று முடித்தார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கருவி பொய் சொல்லவில்லை. நாங்கள் நின்ற இடத்தைச் சரியாகவே காட்டிற்று. அப்படியாயின் பிழை எங்கே? சிந்தித்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. "நான் எங்கே நிற்கிறேன்" என்பது ஓர் அறிவு. "இங்கே என்ன இருக்கிறது" என்பது வேறோர் அறிவு. முன்னது அளவையால் கிடைப்பது. பின்னது கண்டவர் சொல்லக் கேட்டு அறிவது. மதரஸாவில் நாங்கள் 'கபர்' என்று ஓதுவோமே, அந்தச் செய்தி வகையைச் சேர்ந்தது இது. திரையில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிவதால் இரண்டையும் ஒரே நிறையுடையனவாகக் கருதி ஏமாறுகிறோம். நம் முன்னோர் இவ்வாறு மயங்கவில்லை என்பதற்கு வரலாறு சான்று தருகிறது.

முதலில் அளவை அறிவைக் காண்போம். கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்தாதில் ஆண்ட கலீஃபா மஃமூன், பூமியின் அளவைக் கண்டறிய விரும்பி அறிஞர் குழுவினரைச் சின்ஜார் சமவெளிக்கு அனுப்பினார். ஒரு சாரார் வடக்கேயும் மற்றவர் தெற்கேயுமாக, துருவத்தின் உயரம் ஒரு பாகை மாறும் வரை அளந்துகொண்டே நடந்தனர். ஒரு பாகைக்கு ஏறக்குறைய 56⅔ அரபு மைல் என்று கண்டனர். இரு நூற்றாண்டுகளின் பின் வந்த அல்-பீரூனி அவ்வளவு தூரம் நடக்கவுமில்லை. இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபிலுள்ள நந்தனா கோட்டையருகே, முதலில் ஒரு மலையின் உயரத்தை அளந்தார். பின் அதன் உச்சியில் நின்று, தொடுவானம் எத்தனை கோணம் தாழ்ந்து தெரிகிறது என்று பார்த்தார். அவ்விரண்டு எண்களைக் கொண்டே பூமியின் ஆரத்தைக் கணித்தார். அவர் கண்ட விடை இன்றைய கணக்குக்கு வெகு அண்மையில் நிற்கிறது.

கடலிலும் இவ்வறிவு வளர்ந்தது. அரபு மாலுமிகள் 'கமால்' என்னும் சிறு பலகையின் நடுவே முடிச்சிட்ட கயிற்றைக் கோத்து, கயிற்றைப் பல்லில் கடித்து, பலகையைக் கண்ணுக்கு நேரே நீட்டித் துருவ நட்சத்திரத்தின் உயரத்தை அளந்தனர். நம் சோழமண்டலக் கரையின் தமிழ் மாலுமிகள் இத்தகைய பலகையை 'இராப்பலகை' என்று வழங்கினர். ஆக, கைப்பலகையைப் பார்த்து வழி அறிவது நமக்குப் புதிதன்று.

நிலத்தில் அந்த அளவை நம் தமிழகத்திலேயே பெருமுயற்சியாக உருவெடுத்தது. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் சென்னைப் பரங்கிமலையருகே வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயப் படையதிகாரி அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அதன் நீளம் ஏறக்குறைய ஏழரை மைல். அதிலிருந்து முக்கோணத்தின் மேல் முக்கோணமாக நாட்டை அளந்து சென்றனர். அவருடைய கோணமானி அரை டன் எடையுள்ளது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மீது அதை ஏற்றும்போது மோதிச் சேதமுற, பல வாரங்கள் முயன்று தம் கையாலேயே செப்பனிட்டார் லாம்டன். குமரி முனையிலிருந்து இமயம் நோக்கிச் சென்ற அந்தப் பெரும் அளவைக் கோடு 78ஆம் தீர்க்கக் கோட்டை ஒட்டியது. அத்தீர்க்கக் கோடு சேலத்துக்குச் சற்று மேற்கே செல்கிறது. கல்வராயன் மலைக்கு அது அயலன்று.

இன்றோ அந்த அரை டன் கருவியின் வேலையை விரல் நகத்தினும் சிறிய சில்லு ஒன்று செய்கிறது. அமெரிக்காவின் ஜி.பி.எஸ். அமைப்பின் முதல் செயற்கைக்கோள் 1978இல் ஏவப்பட்டது. பூமிக்கு மேல் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அவை சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் இடத்தையும் நேரத்தையும் இடையறாது ஒலிபரப்புகிறது. செய்தி வந்து சேர எடுத்த நேரத்தைக் கொண்டு கருவி தொலைவைக் கணக்கிடுகிறது. நான்கு கோள்களின் செய்தி கிடைத்தால் நம் இடமும் உயரமும் நேரமும் தெளியும். நேரத்தில் ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் ஒரு கூறு பிழைத்தால் தரையில் 300 மீட்டர் பிழைத்துவிடும்! பொதுமக்களுக்கு வேண்டுமென்றே துல்லியம் குறைத்து வழங்கிய முறையை அமெரிக்கா 2000ஆம் ஆண்டு மே மாதம் கைவிட்டது. நம் நாடும் 2013இல் தொடங்கி 2016க்குள் ஏழு கோள்களை நிலைநிறுத்தி, அவ்வமைப்புக்கு 'நாவிக்' என்று பெயரிட்டது.

இக்கருவி கேட்பதோடு சரி. எவருக்கும் எதையும் அனுப்புவதில்லை. ஆதலால்தான் கைப்பேசிக் கோபுரமே இல்லாத மலையிலும் அது வேலை செய்கிறது. ஆயினும் மலிவான டேப்லெட் வாங்குவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். வைஃபை மட்டும் உள்ள பல டேப்லெட்டுகளில் இந்தச் சில்லே இருப்பதில்லை. சிலவற்றில் திசைகாட்டும் உணர்வி இருப்பதில்லை. நின்ற இடத்தில் வடக்கு எது என்று அதற்குத் தெரியாது, நகர்ந்தால்தான் திசை காட்டும். அடர்ந்த மரநிழலிலும் ஆழ்ந்த பள்ளத்தாக்கிலும் புள்ளி தடுமாறும். மேடு பள்ளம் காட்டும் கோடுகளோ பெரும்பாலும் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க விண்ணோடம் ஒன்று பதினொரு நாளில் ரேடார் கொண்டு அளந்த கணக்கிலிருந்து வருபவை. காடுள்ள இடத்தில் அது கண்டது மரத்தலைகளையே அன்றி மண்ணையன்று.

இனி இரண்டாம் அறிவுக்கு வருவோம். பாதை எது, ஊர் எது, அதன் பெயர் என்ன? இவற்றை எந்த நட்சத்திரமும் சொல்லாது. மனிதன்தான் சொல்ல வேண்டும். சிசிலியின் மன்னர் இரண்டாம் ரோஜரின் அவையில் அல்-இத்ரீஸி என்னும் அறிஞர் ஹிஜ்ரி 548இல், அதாவது கி.பி. 1154இல், உலகப் படம் ஒன்றை நிறைவு செய்தார். எழுபது பகுதிகளாக அமைந்த அப்படத்தில் தெற்கு மேலே இருக்கும். அதற்காகப் பல நாட்டுப் பயணிகளை அழைத்துச் சேர்த்தும் தனித்தனியேயும் விசாரித்தனர். அவர்கள் சொல் ஒத்த இடத்தை ஏற்று, முரண்பட்டதை ஒதுக்கினர். அல்-பீரூனியும் இந்தியாவைப் பற்றிய தம் நூலை, கேள்விச் செய்தி கண்ணால் கண்டதற்கு ஈடாகாது என்னும் ஆராய்ச்சியோடுதான் தொடங்குகிறார்.

ஹதீஸ் கலை பயின்றோருக்கு இம்முறை நன்கு பழக்கமானது. இதைச் சொன்னவர் யார்? அவர் நேரில் கேட்டாரா? நேர்மையாளரா? நினைவாற்றல் பிழையற்றதா? இவ்வாறு அறிவிப்பாளர் தொடராகிய இஸ்னாதை ஆராய்ந்த பின்னரே செய்தியை எடுப்பர். உலகியல் சார்ந்த ஒரு படத்தை ஹதீஸோடு நான் சமப்படுத்துவதாக எவரும் எண்ண வேண்டாம். செய்தியைச் சோதிக்கும் அந்த ஒழுங்கு எல்லாச் செய்திக்கும் ஏற்றது என்பதே என் கருத்து. திரையில் ஒரு கோடு தெரிந்தால் கேட்க வேண்டியது இதுதான்: இதை வரைந்தவர் நடந்து கண்டவரா, வானத்திலிருந்து எடுத்த நிழற்படத்தைப் பார்த்து ஊகித்தவரா? கண்டவராயின் எந்த ஆண்டில் கண்டார்?

இதற்கு வாய்ப்புள்ள படமும் இருக்கிறது. 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்னும் திறந்த வரைபடத்தில் எவரும் தாம் கண்டதைச் சேர்க்கலாம்; பிறர் சேர்த்ததைத் திருத்தலாம். யார் எப்போது மாற்றினார் என்னும் குறிப்பும் அதில் நிற்கும். நெட் இல்லாமல் பார்க்கும் வரைபடச் செயலிகள் பலவும் இதிலிருந்தே பாதைகளை எடுக்கின்றன. அங்கே ஒவ்வொருவரும் ஒரு ராவி, அறிவிப்பாளர். சோம்பலால் தவறாக வரைந்த கோடு எங்கோ ஓர் ஓடைக் கரையில் ஒரு வண்டியை நிறுத்திவிடும்.

பத்து நாட்கள் கழித்து, பகலில், அதே பெரியவரைத் தேடிச் சென்றோம். ஊரார் இப்போது நடக்கும் பாதையைக் காட்டுமாறு கேட்டோம். அவர் உடனே எழவில்லை. "படத்துல போட்டா யாரு யாரெல்லாம் வருவாங்க பாய்?" என்று கேட்டார். அக்கேள்வியில் ஒரு வரலாறே அடங்கியிருந்தது. இம்மலை நெடுங்காலம் மூன்று ஜாகீர்களின் ஆளுகையில் இருந்தது. நாடு விடுதலை பெற்றுக் கால் நூற்றாண்டு கடந்தும் இங்குள்ளோர் ஜாகீர்தாருக்கே கட்டுப்பட்டிருந்தனர். 1976இல்தான் அரசு மலையைத் தன் நேர் நிருவாகத்தில் எடுத்துக்கொண்டது. உலகில் வரைபடம் பெரும்பாலும் வரி கேட்பவனுக்கும் படை நடத்துபவனுக்குமே முதலில் வரையப்பட்டது. மலைவாசியின் தயக்கத்தை நாம் அறியாமை என்று சொல்லக் கூடாது.

மாணவர் பொறுமையாக விளக்கினார். டேப்லெட்டை அவர் கையிலேயே கொடுத்தார். பெரியவர் முன்னே நடக்க, பின்னே அவர் காலடி கோடாக விழுந்தது. பாதி வழியில் இன்னொரு தடம் பிரிந்தது. "இது எங்க சாமி இருக்கிற இடத்துக்குப் போறது. இது வேணாம்" என்றார். மாணவர் என்னைப் பார்த்தார். "தம்பி, அது அமானத். விட்டுவிடு" என்றேன். நம்பி ஒப்படைத்ததைக் காப்பதும் அறிவிப்பாளரின் கடமையே. ஓடையில் முடியும் பழைய கோட்டில் 'பாதை இல்லை' என்று குறித்தோம். அந்தச் சிற்றூரின் பெயர் படத்தில் ஆங்கில எழுத்தால் உருமாறிக் கிடந்தது. அவர் உச்சரித்தவாறே தமிழில் எழுதினோம். எழுதியதைப் பேரனை விட்டு இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே அவர் தலையசைத்தார்.

வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்ற பழமொழி பொய்க்கவில்லை என்பதை அன்று உணர்ந்தேன். திரையிலுள்ள ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னும் ஒருவர் வாய் திறந்து கேட்டிருக்க வேண்டும். ஒருவர் மனம் திறந்து சொல்லியிருக்க வேண்டும். நம் பிள்ளைகள் கருவியை ஏந்திச் செல்லட்டும். அதோடு கேட்கும் பணிவையும், கண்டதை மட்டும் சொல்லும் வாய்மையையும் ஏந்திச் செல்வார்களாக. அடுத்த மழைக்காலத்தில் அம்மலையிலிருந்து டோலியில் இறங்கும் ஒரு பெண்ணுக்கு வண்டி சரியான இடத்தில் காத்து நிற்குமாயின், அதுவே இந்த அறிவின் பயன்.