கிரீன்ஸ்பரோவுக்கு வந்து சேர்ந்த கூடை

மார்ச் மாதத் தொடக்கத்தில், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துக் கிரீன்ஸ்பரோ நகர உள்ளரங்கில் ஏறக்குறைய ஆண்டுதோறும் ஒரு சடங்கு நடந்துவந்தது. அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ், சுருக்கமாக ஏசிசி, நடத்தும் பெண்கள் கூடைப்பந்துப் போட்டி முடிந்ததும் வளையத்துக்கு அடியில் ஏணியை நிறுத்துவார்கள். வென்ற அணியின் பெண்கள் ஒவ்வொருவராக ஏறி, வலையில் ஒரு கண்ணியை மட்டும் கத்தரித்துக்கொண்டு இறங்குவார்கள். கடைசியில் ஏறும் பயிற்சியாளர் மிச்ச வலையை அறுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வார்.

கான்ஃபரன்ஸ் என்பது பல்கலைக்கழகங்கள் தமக்குள் அமைத்துக்கொண்ட விளையாட்டுக் கூட்டணி. சீசன் முழுக்க ஒன்றோடொன்று மோதிவிட்டு, இறுதியில் ஒரே ஊரில் கூடி, தோற்றால் வீட்டுக்கு என்ற கணக்கில் சில நாள்கள் ஆடுவார்கள். கோப்பை வாங்கியவருக்குத் தேசியப் போட்டியில் இடம் உறுதி. கேட்டால் எளிய ஏற்பாடு. ஆனால் இதில் வேறெங்கிருந்தும் கடன் வாங்காத பகுதி ஒன்றுகூட இருப்பதாகத் தெரியவில்லை. கத்தரிக்கோல்கூட இண்டியானா மாநிலத்துப் பள்ளிப் பையன்களிடமிருந்து வந்ததுதான்.

ஆட்டம் பிறந்த கதை பலருக்கும் தெரியும். 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்எம்சிஏ பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இரண்டு பீச் பழக் கூடைகளை மாட்டி, 13 விதிகளை எழுதி ஒட்டினார். (அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-இல் சென்னையில் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார்.) ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் பக்கத்திலேயே நார்தாம்ப்டன் ஊரில் ஸ்மித் பெண்கள் கல்லூரி. அங்கே உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த செண்டா பெரன்சன், லிதுவேனியாவிலிருந்து சிறுமியாக வந்தவர், இந்தப் புது ஆட்டத்தைப் பற்றிப் படித்துத் தன் மாணவிகளுக்கும் கொண்டுவந்தார். 1893 மார்ச்சில் முதலாண்டுக்கும் இரண்டாமாண்டுக்கும் ஆட்டம். ஆண்களுக்கு அனுமதி இல்லை. தொடக்கத்தில் பெரன்சன் பந்தை மேலே எறிந்தபோது அவர் கை, எட்டிப் பிடிக்க வந்த முதலாண்டுத் தலைவியின் கையில் மோதி, அந்தப் பெண்ணின் தோள் மூட்டு விலகிவிட்டது. மூட்டை இருந்த இடத்தில் வைத்து, மாற்று ஆளை இறக்கி, ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

பெண்கள் மைதானம் முழுக்க ஓடினால் உடம்புக்கு ஆகாது என்பது அன்றைய மருத்துவ நம்பிக்கை. அதனால் பெரன்சன் களத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து, அவரவர் பகுதியைத் தாண்டக் கூடாது என்றார். நியூ ஆர்லியன்சின் கிளாரா கிரெகரி பேயர் அதே முடிவுக்கு வந்தது ஒரு குழப்பத்தால். யார் எங்கே நின்றால் நல்லது என்று நெய்ஸ்மித் படத்தில் புள்ளிக்கோடு போட்டுக் காட்டியிருக்க, அவற்றைத் தாண்டக் கூடாத எல்லைகள் என்று பேயர் எடுத்துக்கொண்டார். 1895-இல் அதையே விதியாக அச்சிட்டும் விட்டார். கோடு போட்ட ஆட்டத்தின் ஒரு கிளை இங்கிலாந்து போய் நெட்பால் ஆனது. பிரிட்டிஷ் ஆட்சி நடந்த நாடுகளுக்கெல்லாம் அதுவும் கூடவே போயிற்று. யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் ஏறத்தாழ 6 அடி 10 அங்குல உயரத்தோடு இலங்கைக்காகக் கோல் போட்டுக் குவித்தது இந்தக் கிளையில்தான். நெட்பாலில் யார் எந்தக் கோட்டைத் தாண்டலாம் என்ற கட்டுப்பாடு இன்றும் உண்டு.

கல்லூரிக்குக் கல்லூரி பெண்கள் மோதிய முதல் ஆட்டம் 1896 ஏப்ரல் 4 அன்று சான்ஃபிரான்சிஸ்கோவில். ஸ்டான்ஃபர்டும் பெர்க்லியும் அணிக்கு ஒன்பது பேராக இறங்கின. பார்க்க வந்த நூற்றுக்கணக்கானோரும் பெண்களே. நடுவில் கூடை பழுதாகி, சரிசெய்ய இரண்டு ஆண்கள் உள்ளே வர, பெர்க்லிப் பெண்கள் அலறிக்கொண்டு மூலைக்கு ஓடினார்களாம். ஸ்டான்ஃபர்ட் 2, பெர்க்லி 1. வேடிக்கையான ஸ்கோர்தான். ஆனால் செய்தித்தாள்கள் ஆளனுப்பி எழுத வைத்த ஆட்டம் அது.

இந்த வேகத்தில் போயிருந்தால் பெண்கள் போட்டிகள் 1920களிலேயே களைகட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை. காரணம் பெண்களே. அந்த 1896-இல் ஸ்டான்ஃபர்டில் நிலவியல் படித்துக்கொண்டிருந்த லூ ஹென்றி, பின்னாளில் ஹெர்பர்ட் ஹூவரை மணந்து வெள்ளை மாளிகைக்கே போனவர். 1923-இல் அமெச்சூர் தடகளக் கூட்டமைப்பின் பெண்கள் பிரிவுக்கு அவர் தலைமை ஏற்றார். கோப்பை, சாதனை, டிக்கெட் வசூல் எல்லாம் பெண்களைக் கெடுக்கும் என்பது அதன் கொள்கை. மாற்றாக அவர்கள் பரப்பியது ‘விளையாட்டு நாள்’. நான்கைந்து கல்லூரிப் பெண்களைக் கலந்து அணி பிரிப்பார்கள். எந்தக் கல்லூரியும் ஜெயிக்காது, எதுவும் தோற்காது, முடிவில் சிற்றுண்டி. நல்ல எண்ணம்தான். ஆனால் ஜெயிக்க ஆசைப்பட்ட பெண்ணுக்கு இதைவிடச் சலிப்பான மாலை ஒன்று இருந்திருக்க முடியாது.

அந்த ஆசையைக் காசாக்கியவர்கள் வியாபாரிகள். கிரீன்ஸ்பரோவின் கறுப்பினப் பெண்கள் கல்லூரியான பென்னெட், 1934-இல் பிலடெல்ஃபியா டிரிப்யூன் என்ற செய்தித்தாளின் அணியை வரவழைத்து மூன்று ஆட்டங்கள் ஆடித் தோற்றது. எதிரணியின் நட்சத்திரம் ஓரா வாஷிங்டன், டென்னிஸிலும் சாம்பியன். பக்கத்து ஊர் வின்ஸ்டன்-சேலத்தில் காலுறை நெய்த ஹேன்ஸ் ஹோசியரி ஆலை தன் தொழிலாளிப் பெண்களை வைத்து ஓர் அணி கட்டியது. 1951 முதல் 1953 வரை மூன்று முறை தேசியப் பட்டம், தொடர்ச்சியாக 102 வெற்றிகள். பல்கலைக்கழகங்கள் சிற்றுண்டி பரிமாறிக்கொண்டிருந்த காலத்தில் உண்மையான பெண்கள் கூடைப்பந்து காலுறை ஆலையில் வளர்ந்துகொண்டிருந்தது.

சாம்பியனைத் தீர்மானிக்க எல்லோரும் ஒரே ஊரில் கூடும் வழக்கத்தைத் தெற்கே பழக்கியது சதர்ன் கான்ஃபரன்ஸ். 1920களின் தொடக்கத்திலேயே அட்லாண்டாவில் ஆண்கள் போட்டி நடத்தியது. 1946-இல் வட கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு எவரெட் கேஸ் என்ற பயிற்சியாளர் வந்தார். இண்டியானாவில் பள்ளி அணிகளைப் பழக்கியவர், கூட்டம் சேர்க்கத் தெரிந்தவர். 1947-இல் சதர்ன் பட்டம் வென்றதும் தன் ஊர்ப் பழக்கப்படி வலையை வெட்டினார். பார்த்தவர்கள் நகலெடுத்தார்கள், இன்று நாடே வெட்டுகிறது. ராலே நகரில் பாதியில் நின்றிருந்த ரெனால்ட்ஸ் அரங்கம் 12,000-க்கும் மேற்பட்ட இருக்கைகளோடு எழுந்தது இவர் காலத்தில். 1953-இல் சதர்னிலிருந்து ஏழு கல்லூரிகள் பிரிந்து ஏசிசியை அமைத்தன. 1954-இல் அதன் முதல் ஆண்கள் போட்டி அதே ரெனால்ட்ஸில் நடந்தது. வென்றவரும் கேஸ்தான், சொந்தக் களத்தில்! சீசன் முழுக்க முதலிடத்தில் இருந்தாலும் இந்தச் சில நாள்களில் சறுக்கினால் தேசியப் போட்டி கிடையாது என்ற கடுமையான விதிதான் டிக்கெட்டை விற்றது.

பெண்களுக்கு வழி திறந்தது விளையாட்டு என்ற சொல்லே இல்லாத சட்டம். 1972-இன் ‘டைட்டில் ஒன்பது’, அரசுப் பணம் வாங்கும் கல்வித் திட்டங்களில் பால் பாகுபாடு கூடாது என்று ஆங்கிலத்தில் 37 சொற்களில் சொல்கிறது. அதே ஆண்டு பெண்கள் கல்லூரி அணிகளுக்கான புதிய சங்கம் நடத்திய முதல் தேசியப் பட்டத்தை வென்றது இம்மாகுலாட்டா என்ற சிறிய கத்தோலிக்கக் கல்லூரி. அதன் கன்னியாஸ்திரீகள் ஆட்டங்களில் உலோக வாளிகளைத் தட்டி ஆர்ப்பரித்தது கூடைப்பந்து உலகில் இன்றும் பேச்சு.

ஏசிசி தன் பெண்களுக்கு முதல் போட்டியை 1978-இல் சார்லட்ஸ்வில்லில் நடத்தியது. இறுதியில் மேரிலாந்து, வட கரோலினா ஸ்டேட்டைத் தோற்கடித்தது. தோற்ற அணியின் பயிற்சியாளர் கே யோ, அந்த மாநிலத்தின் முதல் முழுநேரப் பெண்கள் பயிற்சியாளர். பள்ளியில் அவர் ஆடியது களத்தைப் பிரித்த பழைய அறுவர் ஆட்டம். 1980-இல் அவருக்கும் இந்தக் கோப்பை கிடைத்தது. கேஸ் கூட்டம் சேர்த்த ரெனால்ட்ஸ் அரங்கின் ஆடுகளம் இன்று கே யோவின் பெயரில் இருக்கிறது.

போட்டிக்கு நிலையான வீடு மட்டும் அமையவில்லை. ஃபாயெட்வில், ராக் ஹில், சார்லட் என்று ஊர் ஊராகச் சுற்றி, 2000-இல்தான் கிரீன்ஸ்பரோவில் தங்கியது. அதற்குள் மற்ற கூட்டணிகளும் பார்த்துச் செய்யத் தொடங்கியிருந்தன. சவுத்ஈஸ்டர்ன் 1980-இல், பிக் ஈஸ்ட் 1983-இல். பிக் டென் கூட்டணியில் வரிசையே தலைகீழ். பெண்கள் போட்டி 1995-இல் வந்தது, ஆண்களுடையது 1998-இல்தான். அந்தப் பிக் டென்னில் இருக்கும் அயோவா, பள்ளிகளில் அறுவர் ஆட்டத்தை 1993 வரை விடாமல் பிடித்திருந்த மாநிலம். அங்கே வளர்ந்து அயோவா பல்கலைக்கழகத்துக்கே ஆடிய நட்சத்திரம் கெய்ட்லின் கிளார்க்குக்காக 2024-இல் பிக் டென் போட்டி நடந்த மினியாபொலிஸ் அரங்கம் நிரம்பி வழிந்தது. இறுதியில் நெப்ராஸ்காவை அயோவா கூடுதல் நேரத்தில் 94–89 என்று வென்றது.

கிரீன்ஸ்பரோவிலும் எல்லாம் அமைதியாகப் போய்விடவில்லை. யார் எந்தக் கழிப்பறைக்குப் போகலாம் என்று மாநிலம் 2016-இல் இயற்றிய சட்டத்தை எதிர்த்து, ஏசிசி தன் போட்டிகளை வெளியேற்றியது. 2017-இல் பெண்கள் தென் கரோலினாவின் கான்வேக்குப் போய் ஆடினார்கள். 2020 மார்ச் 8 அன்று வட கரோலினா ஸ்டேட் 1991-க்குப் பிறகு முதன்முறையாகப் பட்டம் வென்று வலையை வெட்டியது. நான்கே நாளில் அதே அரங்கில் ஆண்கள் போட்டி கொரோனாவால் பாதியில் நின்றது. பெண்களின் தேசியப் போட்டியும் ரத்தானதால், ஜெயித்த அந்தப் பெண்களுக்கும் மேற்கொண்டு போக இடமில்லை. 2026-இல் போட்டியே ஜார்ஜியாவின் டுலூத்துக்கு இடம் மாறியது.

பெயரில் அட்லாண்டிக் இருந்தாலும் இப்போது பசிபிக் கரையும் இதற்குள்தான். தொலைக்காட்சி உரிமைப் பணத்தைத் துரத்தி மேற்குக் கூட்டணி சிதறியதில், 2024-இல் ஸ்டான்ஃபர்டும் பெர்க்லியும் ஏசிசியில் சேர்ந்தன. அடுத்த மார்ச்சில் இரண்டு அணிகளும் கண்டத்தைக் கடந்து கிரீன்ஸ்பரோவுக்குப் பறந்து வந்தன. ஸ்டான்ஃபர்ட் முதல் ஆட்டத்திலேயே கிளெம்சனிடம் தோற்று மூட்டை கட்டியது. பெர்க்லி காலிறுதிவரை தாக்குப்பிடித்தது.