‘டேக் ஆஃப்’: ஆடையிலிருந்து ஐந்தாண்டுத் திட்டம் வரை

ஆங்கிலம் பயில்வோரைத் திகைக்கவைக்கும் சொற்றொடர் வினைகளுள் ‘டேக் ஆஃப்’ ஒன்று. ஆடையைக் கழற்றுதல், விலையில் தள்ளுபடி செய்தல், ஒருவரைப் போல நடித்துக் கேலி செய்தல், விமானம் மேலெழுதல், ஒரு முயற்சி சூடுபிடித்தல் என அதன் பொருள்கள் விரிகின்றன. தமிழில் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வினை வேண்டும். இரண்டு சிறு சொற்கள் இத்தனை பொருள்களைச் சுமக்க நேர்ந்தது மொழியின் வரலாறு. அவற்றுள் ஒரு பொருள் நாடுகளின் எதிர்காலத்தை அளக்கும் கோலாக மாறியதோ அரசியலின் வரலாறு.

பழைய ஆங்கிலத்தில் ‘எடு’ என்னும் பொருளில் வழங்கிய வினை ‘நிமன்’. ஸ்காண்டிநேவியக் குடியேற்றத்தோடு வந்த ‘தாக்கா’ என்னும் நார்ஸ் வினை அதனை மெல்லப் புறந்தள்ளி ‘டேக்’ என நிலைபெற்றது. ‘ஆஃப்’ என்பது இன்றைய ‘ஆவ்’ என்னும் முன்னிடைச் சொல்லோடு ஒரே வேரினது. 17ஆம் நூற்றாண்டளவிலேதான் அவை இருவேறு சொற்களாக உறுதிப்பட்டன. பிரிதலே அதன் அடிப்படைப் பொருள்.

அப்பொருளிலிருந்தே பிற பொருள்கள் கிளைத்தன. உடலிலிருந்து ஆடை நீங்குவதைக் குறித்த வினை, உலகிலிருந்து ஓர் உயிரை நீக்குவதையும் குறித்தது. ஷேக்ஸ்பியரின் ‘மெக்பெத்’ நாடகத்தில் மன்னன் டங்கனின் கொலை இச்சொல்லாலேயே சுட்டப்படுகிறது. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையில், இத்தகைய வினைகளே அயலாருக்குப் பெரும் இடர் தருபவை என்று குறிப்பிட்டு, ‘டேக் ஆஃப்’ என்பதற்கு ‘நகலெடுத்தல்’ என்று பொருள் தந்தார். ஒருவரின் நடையையும் பேச்சையும் நகலெடுத்தால் அது பகடியாகிறது. 19ஆம் நூற்றாண்டில் தாவுதலையும், 20ஆம் நூற்றாண்டில் விமானத்தின் எழுச்சியையும் அதே வினை குறித்தது. இரண்டிலும் நிகழ்வது தரையிலிருந்து பிரிதலே.

விமானத்தின் இந்தப் படிமம் 1956இல் பொருளியலுக்குள் புகுந்தது. அமெரிக்கப் பொருளியலாளர் டபிள்யூ. டபிள்யூ. ராஸ்டோ, தேசிய வருமானத்தில் முதலீட்டின் பங்கு 5 விழுக்காடு அல்லது அதற்கும் கீழிருந்து 10 விழுக்காட்டுக்கு மேல் உயரும் கட்டத்துக்கு ‘டேக் ஆஃப்’ என்று பெயரிட்டார். பிரிட்டனுக்கு அது 1783 முதல் 1802 வரை. இந்தியாவுக்கு 1952இல் தொடங்கியதாக அவர் கணித்தார். திட்டமிடல் குறித்த விவாதங்களில் இச்சொல் வேகமாகப் பரவியது.

நிகழ்ந்தது வேறு. மூன்றாம் ஐந்தாண்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வளர்ச்சியை இலக்காகக் கொண்டது. எட்டியது ஏறத்தாழ அதில் பாதியே. 1962, 1965 போர்களும் கடும் வறட்சியும் குறுக்கிட்டன. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. நான்காம் திட்டம் 1969க்குத் தள்ளிப்போயிற்று.

சைமன் குஸ்னெட்ஸ் உள்ளிட்ட பொருளியலாளர்கள், இத்தகைய திடீர் எழுச்சிக்குப் புள்ளிவிவரச் சான்று போதாது என்று வாதிட்டனர். விமானம் தரையை விட்டு எழும் கணத்தைக் கண்ணால் காணலாம். ஒரு நாட்டின் வளர்ச்சியில் அப்படியொரு கணம் இருந்தாக வேண்டும் என்னும் எதிர்பார்ப்பைத் தந்தது புள்ளிவிவரம் அன்று, அந்தச் சொல். ஆய்வாளர் ஒரு கலைச்சொல்லைக் கையாளும்போது அது முன்பு எவற்றைக் குறித்தது என்று கேட்பது அகராதிக்காரரின் வேலை மட்டுமன்று.