கண்டெடுத்த பொருள்

கண்டெடுத்த பொருள் என்பது, உரியவர் தம்மை அறியாமல் தவறவிட்டு, பிறரொருவர் கையில் கிடைத்த பணம், பணப்பை, நகை, ஆவணம் முதலியவற்றைக் குறிக்கும். இவ்வாறு கிடைத்ததை எடுத்தவர் வைத்துக்கொள்ளலாமா, உரியவரைத் தேடித் தரவேண்டுமா, அரசிடம் ஒப்படைக்கவேண்டுமா என்பது அறநூல்களும் சட்டங்களும் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் கேள்வியாகும். இக்கேள்வியை ஒட்டிய பழைய வழக்கொன்று பாண்டிநாட்டுத் திருத்தங்கலை நிலைக்களனாகக் கொண்டு சிலப்பதிகாரத்தில் கூறப்படுகிறது. இன்றைய இந்தியச் சட்டப்படி கண்டெடுத்தவர் பொருளின் உரிமையாளர் அல்லர். உரியவர் வரும்வரை அதன் காப்பாளரே ஆவார். இக்கட்டுரை திருநெல்வேலிச் சீமையையும் பொருநை எனப்படும் தாமிரபரணி ஆற்றுப் பகுதியையும் முதன்மையாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

வகைகள்

தரையில் கிடக்கும் எல்லாப் பொருளும் ஒரே தன்மையுடையன அல்ல. பேருந்தில் நழுவிய பணப்பை தவறவிட்ட பொருள். அதன்மீது உரியவருக்குள்ள உரிமை சிறிதும் குறைவதில்லை. பாபநாசத்திலும் குறுக்குத்துறையிலும் நீராடுவோர் வேண்டுதலாக ஆற்றில் எறியும் காசு கைவிட்ட பொருள். எறிந்தவர் உரிமையைத் தாமே துறந்துவிடுகிறார். அதனை மூழ்கி எடுப்பவர் எவரையும் தேடவேண்டியதில்லை. அதே படித்துறையில் குளிப்பதற்கு முன் கழற்றித் துணியில் முடிந்துவைத்து மறந்துபோன சங்கிலி மூன்றாவது வகை. அது தொலையவில்லை, வைத்த இடத்திலேயே இருக்கிறது. உரியவர் நினைவு வந்து திரும்பி வரக்கூடும். 2018 அக்டோபரில் நடந்த தாமிரபரணி மகா புஷ்கரம் போன்ற பெருங்கூட்டங்களில் இம்மூன்றும் ஒரே படியில் அருகருகே கிடக்கும். எடுப்பவர் எது எதுவெனப் பிரித்தறியவேண்டியவராகிறார். மண்ணில் புதைக்கப்பட்டுக் கிடைப்பது புதையல். அதற்குத் தனிச் சட்டம் உண்டு.

வார்த்திகன் வழக்கு

சிலப்பதிகாரம் மதுரைக் காண்டத்தின் கட்டுரை காதையில், மதுராபதித் தெய்வம் பாண்டியரின் நீதி தவறாமையைக் கண்ணகிக்கு எடுத்துரைக்கையில் இந்நிகழ்ச்சியைக் கூறுகிறது. சோழநாட்டு அந்தணனான பராசரன் சேரனிடம் பெரும்பரிசில் பெற்று ஊர் திரும்பும் வழியில் தங்கால் என்னும் ஊரில் தங்கினான். தங்கால் என்பது இன்று விருதுநகர் மாவட்டத்திலுள்ள திருத்தங்கல். சிவகாசியை அடுத்த இப்பகுதி, 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்படும்வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது.

அங்கு விளையாடிக்கொண்டிருந்த சிறுவருள் வார்த்திகன் என்பவனின் மகன், பராசரனோடு சேர்ந்து பிழையின்றி வேதம் ஓதினான். மகிழ்ந்த பராசரன் தன் அணிகலன்களை அவனுக்கு அளித்துச் சென்றான். ஏழை வீட்டில் திடீரென நகை தோன்றியதைக் கண்டு ஊரார் பொறாமை கொண்டனர். அரசனுக்குரிய புதையலைக் கவர்ந்தவன் எனக் கூறி அரச ஏவலர் வார்த்திகனைச் சிறையிலிட்டனர். அவன் மனைவி கார்த்திகை தரையில் விழுந்து அழுதாள். ஐயை கோயிலின் கதவு திறவாது நின்றது. அரசன் காரணத்தை விசாரித்து, தன் ஏவலர் செய்த பிழைக்கு வருந்தி வார்த்திகனை விடுவித்தான். தங்காலையும் வயலூரையும் அவனுக்கு வழங்கி, அவன்முன் நிலத்தில் விழுந்து வணங்கினான். கதவு பேரொலியோடு திறந்தது. பின்னர் யானைமீது முரசறைந்து, பிறர் கொடுத்த பொருளாயினும் மண்ணிற் கிடைத்த பொருளாயினும் பெற்றவர்க்கே உரியது என அரசன் அறிவித்ததாகக் காதை கூறுகிறது.

இவ்வழக்கில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. வார்த்திகன் எதையும் கண்டெடுக்கவேயில்லை. நகை பரிசாக வந்தது. 'கிடைத்தது அரசனுடையது' என்ற விதி இருந்தமையால், வறியவன் கையில் பொருளைக் கண்டவுடனேயே குற்றம் என்று கொள்ள ஏவலர்க்கு வாய்ப்பாயிற்று. அரசன் மாற்றியது தீர்ப்பை மட்டுமன்று, அவ்விதியையே. ஆயினும், தொலைத்தவன் ஒருவன் இருந்தால் அவன் நிலை என்ன என்பதை இவ்வறிவிப்பு பேசவில்லை.

இதே நூலின் புகார்க் காண்டத்தில் வரும் வெள்ளிடை மன்றம் வேறொரு நோக்கைக் காட்டுகிறது. அங்கே உரியவரின் குறி பொறித்த பொதிகள் கதவும் காவலுமின்றிக் குவிந்து கிடக்கும். எடுத்தவன் கழுத்து நோக அச்சுமையைத் தலையில் சுமந்து சுற்றவேண்டிவரும்.

அரசனின் உரிமை

திருக்குறளின் 756ஆவது குறள் அரசனுக்குரிய வருவாய்களுள் ஒன்றாக உறுபொருளைக் கூறுகிறது. வைத்தவர் இறந்தபின் நெடுங்காலம் நிலத்திற் கிடந்து கண்டெடுக்கப்பட்டதும், உரிமைகோரத் தாயத்தார் இல்லாததும் உறுபொருள் எனப் பரிமேலழகர் விளக்குகிறார். மனுநூல், உரியவர் அறியப்படாத பொருளை அரசன் மூன்றாண்டு காத்துவைக்கவேண்டும் என்கிறது. இசுலாமியச் சட்டத்தில் இது லுக்தா எனப்படும். மதிப்புடைய பொருளாயின் ஓராண்டு அறிவிக்கவேண்டும். அதன்பின் எடுத்தவர் பயன்படுத்திக்கொள்ளலாம், உரியவர் வந்தால் ஈடு தரவேண்டும் என்பது சாபிஈ மரபு. காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் இம்மரபினர் மிகுதி. ஹனபி மரபில், எடுத்தவர் செல்வராயின் அது ஏழைகளுக்கே செல்லவேண்டும்.

குற்றவியல் சட்டம்

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 403ஆம் பிரிவு நேர்மையற்ற கையாடலைக் குற்றமாக்கியது. 2024 சூலை 1 முதல் அதனிடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவு நடைமுறையில் உள்ளது. பழைய பிரிவில் தண்டனை இரண்டாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். புதிய பிரிவில் ஆறு மாதத்திற்குக் குறையாத, இரண்டாண்டுக்கு மேற்படாத சிறையும் அபராதமும் ஆகும்.

சட்டத்தோடு இணைந்த எடுத்துக்காட்டுகள் மாணவர் படிக்கத்தக்கவை. நெடுஞ்சாலையில் கிடந்த ஒரு ரூபாயை, யாருடையதென அறியாமல் எடுத்தவர் குற்றவாளி அல்லர். பணத்தாள் வைத்த கடிதத்தைக் கண்டெடுத்து, முகவரியிலிருந்து உரியவரை அறிந்தும் பணத்தை எடுத்துக்கொண்டவர் குற்றவாளி. ஒருவர் பணப்பையை நழுவவிடுவதைக் கண்டு, திருப்பித்தரும் எண்ணத்தோடு எடுத்துப் பின் மனம் மாறியவரும் குற்றவாளியே. விலையுயர்ந்த மோதிரத்தைக் கண்டெடுத்து, உரியவரைத் தேடாமல் உடனே விற்றவரும் அவ்வாறே.

ஆக, எடுப்பது குற்றமன்று. தேடாமல் தமதாக்கிக்கொள்வதே குற்றம். உரியவரைக் கண்டறியத் தக்க முயற்சி செய்யவேண்டும், அவர் வருவதற்குத் தக்க காலம் காத்திருக்கவேண்டும் எனச் சட்டம் கூறுகிறது. எது தக்க முயற்சி, எவ்வளவு தக்க காலம் என்பது சூழ்நிலையைப் பொறுத்தது. அடையாள அட்டையும் தொலைபேசி எண்ணும் உள்ள பணப்பையை எடுத்தவர், 'யாருடையது எனத் தெரியவில்லை' என்று சொல்லித் தப்ப இயலாது. தனியே கிடக்கும் ஐந்நூறு ரூபாய்த் தாளைப் பற்றி அதையே சொன்னால் ஏற்கப்படக்கூடும்.

காப்பாளரின் கடமையும் உரிமையும்

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆம் பிரிவு, பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தம் பொறுப்பில் கொள்பவருக்கு, ஒப்படைப்பாகப் பெற்றவருக்குள்ள அதே கடமையைச் சுமத்துகிறது. சராசரி முன்னெச்சரிக்கையுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளைக் காப்பதுபோல் அதனைக் காக்கவேண்டும். எடுக்காமல் கடந்துசென்றவருக்கு இச்சட்டத்தில் எக்கடமையும் இல்லை என்பது சற்று வியப்பானதே.

பொருளைக் காக்கவும் உரியவரைத் தேடவும் பட்ட செலவுக்காக வழக்குத் தொடர முடியாது. ஆனால் அச்செலவு கிடைக்கும்வரை பொருளைத் தராமல் நிறுத்திவைக்கலாம். உரியவர் வெகுமதி அறிவித்திருந்தால் அதற்கு வழக்குத் தொடரலாம் (பிரிவு 168). வழக்கமாக விற்பனையாகும் பொருளுக்கு உரியவர் தேடியும் கிடைக்காவிடினும், செலவைத் தர மறுத்தாலும், பொருள் அழியும் நிலையில் இருந்தாலோ செலவு அதன் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கை எட்டினாலோ விற்கலாம் (பிரிவு 169).

காவல் நிலையத்தில் ஒப்படைத்தால் பொருள் நீதித்துறை நடுவரின் ஆணைக்கு உட்படும். உரியவர் தெரியாவிடில் நடுவர் அறிவிப்பு வெளியிட்டு ஆறு மாதத்திற்குள் உரிமைகோரச் செய்யலாம். எவரும் வராவிடில் பொருள் மாநில அரசின் வசமாகும், எடுத்தவருக்குத் திரும்பாது. சப்பானில் இதற்கு மாறாக, 2007இல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டப்படி மூன்று மாதத்தில் உரியவர் வராவிடில் பொதுவாகப் பொருள் எடுத்தவருக்கே சேரும். உரியவர் வந்தால் மதிப்பில் 5 முதல் 20 விழுக்காடு வெகுமதியாகக் கேட்கலாம். இந்திய முறையில் அத்தகைய ஊக்கம் எதுவுமில்லை என்பது ஒரு குறையாகும்.

இங்கிலாந்தில் 1722இல் தீர்ப்பான ஆர்மரி வழக்கு இங்கு நினைக்கத்தக்கது. புகைபோக்கி துடைக்கும் சிறுவன் தான் கண்டெடுத்த நகையை மதிப்பிடப் பொற்கொல்லர் கடையில் தந்தபோது, பணியாள் கற்களைக் கழற்றிக்கொண்டான். உண்மை உரிமையாளரைத் தவிர மற்றெல்லோரையும்விட எடுத்தவனுக்கே உரிமை மிகுதி என நீதிமன்றம் கூறியது.

புதையல்

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையற் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடைத்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட எப்பொருளையும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் அறிவிக்கவேண்டும். பத்து ரூபாய் என்ற வரம்பு அன்றைய மதிப்பில் எழுதப்பட்டதாகும். உரியவர் இல்லாத புதையலில் முக்கால் பங்கு எடுத்தவருக்கும் கால் பங்கு நில உரிமையாளருக்கும் செல்லும். அரசு விரும்பினால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தந்து வாங்கிக்கொள்ளலாம். அறிவிக்காதவர் தம் பங்கை இழப்பதோடு ஓராண்டு வரை சிறைக்கும் ஆளாவார்.

தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் செருமானியரான யாகோர் அகழ்ந்தது இச்சட்டத்திற்கு இரண்டாண்டு முன், 1876இல். அவர் எடுத்த பொருள்கள் பெர்லினுக்குச் சென்றன. பின்னர் அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்த பொன் நெற்றிப்பட்டங்கள் முதலியன சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் மண் தோண்டியபோது 505 பொற்காசுகள் அடங்கிய கலம் கிடைத்து, அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டது.

உண்டியலில் இடும் வழக்கம்

வழியில் கிடந்த காசு வீட்டில் ஒட்டாது என்பதும், பொன்னைத் தொலைத்தாலும் ஆகாது, கண்டெடுத்தாலும் ஆகாது என்பதும் தென்மாவட்டங்களில் பரவலான நம்பிக்கைகள். ஆகவே பலர் கிடைத்த பணத்தைக் கோயில் உண்டியலில் இடுகின்றனர், அல்லது இரப்போர்க்குக் கொடுத்துவிடுகின்றனர். எடுத்தவர் மனம் இதனால் நிறைவடைகிறது, தொலைத்தவருக்குப் பயனில்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்தைத் தவறவிட்டுப் பேருந்து நிலையத்தில் திரும்பத் திரும்பத் தேடுபவருக்கு, அப்பணம் நெல்லையப்பர் உண்டியலில் சேர்ந்தாலும் தேநீர்க் கடையில் செலவானாலும் இழப்பு ஒன்றே.

இந்து சமய அறநிலையத்துறையின் 1975ஆம் ஆண்டு உண்டியல் விதிகள் காரணமாக, உண்டியலில் விழுந்ததை மீட்பதும் எளிதன்று. பழனியில் தவறுதலாக விழுந்த கேரளப் பெண்ணொருவரின் தங்கச் சங்கிலியைத் திருப்பித்தர விதி இடந்தராமையால், 2023இல் அறங்காவலர் குழுத் தலைவர் தம் சொந்தப் பணத்தில் புதிய சங்கிலி வாங்கிக் கொடுத்தார். 2024 திசம்பரில் திருப்போரூர் கந்தசாமி கோயில் உண்டியலில் விழுந்த கைபேசி கோயிலுக்கே சொந்தம் என அதிகாரிகள் கூறியது பெரும் விவாதமாயிற்று. உரியவரே கேட்டு வந்தபோது இந்நிலை. பெயர் தெரியாத ஒருவரின் பணத்தை வேறொருவர் இட்டுவிட்டால் மீட்பது எவ்வாறு?

பணப்பை ஆய்வு

2019இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வில், இந்தியா உள்ளிட்ட 40 நாடுகளின் 355 நகரங்களில் 17,303 பணப்பைகள் பயன்படுத்தப்பட்டன. தெருவில் கிடந்ததாகக் கூறி வங்கி, அஞ்சலகம், விடுதி, காவல் நிலையம் போன்ற இடங்களின் வரவேற்பு ஊழியரிடம் அவை தரப்பட்டன. பையில் சாவி, மளிகைப் பட்டியல், உரியவரின் மின்னஞ்சல் உள்ள அட்டைகள் இருந்தன. சிலவற்றில் பணமும் இருந்தது. பணமில்லாப் பைகளுக்குச் சராசரி 40 விழுக்காட்டினரும், பணமுள்ள பைகளுக்கு 51 விழுக்காட்டினரும் உரியவருக்குத் தகவல் அனுப்பினர். 38 நாடுகளில் பணமுள்ள பைகளே கூடுதலாகத் திரும்பின. மூன்று நாடுகளில் பணத்தை மேலும் கூட்டியபோது விகிதம் 72 ஆக உயர்ந்தது. தம்மைத் திருடராகத் தாமே எண்ண நேர்வதை மக்கள் விரும்புவதில்லை என ஆய்வாளர் விளக்கினர்.

இம்முடிவைத் தெருவில் நடப்பவருக்கு அப்படியே பொருத்துதல் கூடாது; இங்கு சோதிக்கப்பட்டவர் பணியிடத்தில் இருந்தவர். மேலும், மின்னஞ்சல் அனுப்பியதை மட்டுமே நேர்மையின் அளவாகக் கொண்டது குறைகூறப்பட்டது. சீனாவில் மீண்டும் செய்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், மின்னஞ்சல் அனுப்பாத பலரும் உரியவர் வருவார் எனப் பையைப் பத்திரமாக எடுத்துவைத்திருந்தது தெரியவந்தது. நம் ஊர்க் கடைக்காரர்கள் மறந்துவிட்ட குடையையும் பையையும் கல்லாவிற்குப் பின்னால் மாதக்கணக்கில் வைத்திருப்பதும் இவ்வகையே.

2018இல் ஈரோட்டில் பள்ளிக்கருகே ஐம்பதாயிரம் ரூபாய் இருந்த பையைக் கண்டெடுத்த ஏழு வயது மாணவன் அதனை ஆசிரியரிடம் தந்தான். அது காவல்துறையை அடைந்தது. இந்நிகழ்ச்சி பின்னர் தமிழ்நாட்டின் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றது.

தவறி வந்த மின்பணம்

கைபேசிவழிப் பணமாற்றம் பரவியபின், எண் மாறி வேறொருவர் கணக்கில் விழும் பணம் இக்கேள்வியின் புதிய வடிவமாகியுள்ளது. ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவுப்படி, தவறுதலாகச் செலுத்தப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பித் தரவேண்டும். இங்கு அனுப்பியவரின் பெயர் பதிவிலேயே உள்ளமையால், உரியவர் தெரியவில்லை என்ற விடைக்கு இடமில்லை. எனினும் திருப்பி அனுப்பச் சொல்லி வரும் அழைப்புகளுள் மோசடியும் கலந்திருப்பதால், அழைத்தவர் கூறும் எண்ணுக்கு நேரே அனுப்பாமல் வங்கி வாயிலாகவே திருப்புதல் வேண்டும்.